அத்தியாயம் 7: கச்சத்தீவு வகுப்புக்குள் வரும்போது

தேர்தல் நாளன்று வகுப்பறைதான் வாக்குச்சாவடி. ஆசிரியர்தான் வாக்குப்பதிவு அலுவலர். பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு, கரும்பலகைக்குக் கீழே மேசை போட்டு, அட்டைத் தடுப்புக்குள் இயந்திரத்தை வைத்ததும் ஊரே வரிசையில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறது. விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது சுவரில் பாகம் எண் எழுதிய தாள் இன்னும் ஒட்டியிருக்கும். "இங்கதான் எங்க அம்மா ஓட்டுப் போட்டுச்சு" என்பாள் ஒருத்தி. "யாருக்கு?" என்று கேட்பான் பக்கத்து பெஞ்சுக்காரன். பேச்சு தொடங்கிவிட்டது.

"அரசியல் எல்லாம் இங்கே பேசக் கூடாது, புத்தகத்தை எடு" என்று சொல்லி அந்தப் பேச்சை வெட்டிவிடத்தான் நமக்குத் தோன்றும். சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைக்கு அரசியல் தொலைக்காட்சியில் மட்டும் வருகிற செய்தி இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு அப்பா கடன் வாங்குவது, இலங்கை நேவி பிடித்துப்போன படகு திரும்பி வராதது, செப்டம்பரில் ஊருக்குள் போலீஸ் வேன் நிற்பது, மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் தோழியின் வீட்டில் யாருக்கும் ஓட்டு இல்லாதது எல்லாமே அந்தப் பிள்ளையின் அன்றாடம். வகுப்பில் வாயை மூடச் சொன்னால் இதே பேச்சு டீக்கடையிலும் செல்போனிலும் நடக்கும். எதிர்க் கருத்தையும் பொறுமையாகக் கேட்கச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு கேள்வியைத்தான் ஆசிரியர் கையில் கொடுக்கிறது: "எதை வைத்துச் சொல்கிறாய்?" நீ எந்தப் பக்கம் என்று கேட்டால் பிள்ளை தன் வீட்டையும் தெருவையும் காக்க நிற்கும். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் யோசிக்கும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, சமூக அறிவியல் ஆசிரியர் மட்டுமல்ல, எந்தப் பாட ஆசிரியரும் இதைப் பயன்படுத்தலாம்.

ராமேஸ்வரத்தில் நடந்த பாடம்

அப்துல் கலாம் தம் தன்வரலாறான 'அக்னிச் சிறகுகள்' நூலில் தம்முடைய ஐந்தாம் வகுப்பு அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ராமேஸ்வரம் தொடக்கப்பள்ளியில் அவரும், கோயில் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரியின் மகன் ராமநாத சாஸ்திரியும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஒருவர் தலையில் தொப்பி, மற்றவர் மார்பில் பூணூல். புதிதாக வந்த ஆசிரியருக்கு இது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். கலாமுக்கு மனம் நொந்தது, ராமநாதனோ அழுதுவிட்டான். இருவரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, பச்சைப் பிள்ளைகள் மனத்தில் பிரிவினை நஞ்சைப் பரப்ப வேண்டாம் என்று முகத்துக்கு நேரே கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், திருந்தினார்.

இதில் நமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. அந்த ஆசிரியர் மதத்தைப் பற்றிப் பாடம் எதுவும் நடத்தவில்லை. எங்கே உட்கார வேண்டும் என்று மட்டும்தான் சொன்னார். பிள்ளைகளுக்கு அதுவே ஆயுள் முழுவதும் மறக்காத பாடமாகிவிட்டது. ஆகவே சமூகப் பிரச்சினையைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் நம் வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யாரிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறோம், யாரைக் கூட்டச் சொல்கிறோம் என்று பார்த்துவிட வேண்டும். இரண்டாவது, தவறைத் திருத்தியவர் ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவர். அப்படிப்பட்டவர்கள் இன்றும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஜமாஅத்திலும், பங்கிலும், கோயிலிலும், மீனவர் சங்கத்திலும் அவர்களைத் தேடி முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்வது ஆசிரியருக்குப் பெரிய பலம்.

நூறு மீட்டர் கோடு

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, வாக்குச்சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதைத் தடை செய்கிறது. தேர்தல் அன்று பள்ளி வாசலுக்கு வெளியே சுண்ணாம்பால் போடும் கோடு அதற்குத்தான். கோட்டுக்கு உள்ளே வருகிறவர்கள் கருத்தை விட்டுவிட்டு வருவதில்லை. ஓட்டுக் கேட்பதைத்தான் விட்டுவிட்டு வருகிறார்கள். வகுப்பறைக்கும் அதே கோடு போதும். உள்ளே எதைப் பற்றியும் பேசலாம். யாருக்காகவும் ஓட்டுக் கேட்கக் கூடாது.

நடைமுறையில் இதன் பொருள் இதுதான்:

1. கட்சிக்கரை துண்டு, சின்னம் பொறித்த பேனா, தலைவர் படம் போட்ட நோட்டு ஆகியவை ஆசிரியர் மேசையில் இருக்கக் கூடாது. செல்போன் முகப்புப் படத்துக்கும் இது பொருந்தும்.

2. ஒரு கட்சியைக் குறை சொல்லும் எடுத்துக்காட்டுச் சொன்னால், அதே பாடத்தில் இன்னொரு கட்சிக்கும் அதே அளவுகோலை வைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

3. தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் உள்ள நாட்களில் வேட்பாளர், கட்சிப் பேச்சாளர் எவரையும் பள்ளி நிகழ்ச்சிக்கு அழைக்கக் கூடாது.

அரசு ஊழியர்களுக்கான 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கட்சி அரசியலில் பங்கேற்பதைத்தான் தடுக்கின்றன. தேர்தலைப் பாடமாக நடத்துவதைத் தடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் தேர்தல், அரசியல் கட்சிகள் பற்றிய பாடமே இருக்கிறது. பள்ளிகளில் தேர்தல் எழுத்தறிவு மன்றங்களைத் தேர்தல் ஆணையமே 2018இல் தொடங்கிவைத்தது. ஆகவே "இதைப் பேச உங்களுக்கு என்ன அனுமதி?" என்று யாராவது கேட்டால் பாடநூலை எடுத்துக் காட்டலாம்.

"நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்க, சார்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கோபப்பட வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். இப்படிச் சொல்லலாம்: "ஓட்டு ரகசியம்னு சட்டம் சொல்லுது. நான் சொல்லிட்டா, நாளைக்கு உங்கள்ல சில பேரு எனக்குப் பிடிக்கும்னு ஒரு மாதிரியும், சில பேரு பயந்துக்கிட்டு ஒரு மாதிரியும் பேசுவீங்க. அது வேண்டாம். ஆனா ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி நான் எதையெல்லாம் பார்த்தேன்னு சொல்றேன்." இந்தப் பதில் பாடத்துக்கு நல்ல வாசல்.

கேள்வியைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

வகுப்பில் எழும் எல்லாக் கேள்விகளையும் ஒரே மாதிரி நடத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். பேச விடுவதற்கு முன் கேள்வி எந்த வகை என்று மனத்துக்குள் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

தகவல் கேள்வி: "எத்தனை வயதில் ஓட்டு?" "கச்சத்தீவு ஒப்பந்தம் எந்த ஆண்டு?" இவற்றுக்கு ஒரே விடைதான். ஓட்டு வயது 21இலிருந்து 18 ஆனது 61ஆவது அரசமைப்புத் திருத்தத்தால், 1989இல். இதில் விவாதம் இல்லை. விடை தெரியாவிட்டால் "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லி, மறுநாள் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கருத்துக் கேள்வி: "இழுவைமடி வலையை அடியோடு தடை செய்யலாமா?" "இலவசத் திட்டங்கள் நல்லதா?" நேர்மையான, அறிவுள்ள மனிதர்களே இதில் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். இங்கேதான் விவாதத்துக்கு இடம்.

மதிப்புக் கேள்வி: "அவங்க வீட்ல தண்ணி குடிக்கலாமா?" "முகாம் பிள்ளைங்க நம்ம ஸ்கூல்ல எதுக்கு?" இதற்கு இரு தரப்பு கிடையாது. தீண்டாமையை அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது உறுப்பு ஒழித்துவிட்டது. மனிதனுக்கு மனிதன் சமமா என்று பட்டிமன்றம் வைத்தால், அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் மானத்தை ஏலத்துக்கு விட்டதாகிவிடும். இங்கே ஆசிரியர் நடுநிலை வகிக்கக் கூடாது. தெளிவாக, உறுதியாக, திட்டாமல் பதில் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் 1976இல் கூடிய கல்வியாளர்கள், கட்சி வேறுபாடுகளைத் தாண்டி மூன்று விதிகளுக்கு உடன்பட்டார்கள். மாணவர் மீது ஆசிரியர் தம் கருத்தைத் திணிக்கக் கூடாது. சமூகத்தில் விவாதமாக இருப்பது வகுப்பிலும் விவாதமாகவே வைக்கப்பட வேண்டும். தன் வாழ்க்கையை அந்தப் பிரச்சினை எப்படித் தொடுகிறது என்று மாணவரே எடைபோடப் பழக வேண்டும். ஹிட்லர் காலத்தில் பள்ளிக்கூடமே பிரசாரக் கூடமாக மாறியதைக் கண்ட நாடு அது. நம் வகுப்புக்கும் இந்த மூன்று விதிகள் அப்படியே பொருந்தும்.

மாதிரி வகுப்பு ஒன்று: கச்சத்தீவு

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எந்தத் தேர்தலிலும் பேசப்படுவது கச்சத்தீவு. 2024 மார்ச் இறுதியில் பிரதமர் மோடி அதை மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் எழுப்பினார். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி, தீவை மீட்க வலியுறுத்தித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. பிள்ளைகளும் கேட்பார்கள். இரண்டு பீரியடுகளை ஒதுக்குங்கள்.

முந்தைய நாள் செய்ய வேண்டியது. வகுப்பில் யாருடைய அப்பாவோ அண்ணனோ இலங்கைச் சிறையில் இருக்கலாம், கடலில் உயிரிழந்திருக்கலாம். அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "நாளைக்கு இதைப் பத்திப் பேசப்போறோம்மா. உனக்குச் சங்கடமா இருந்தா நூலகத்துல இருந்துக்கலாம். பேசணும்னாலும் பேசலாம். பேசாம உட்கார்ந்து கேட்டாலும் சரி." முடிவைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். "உங்க அப்பாவுக்கு நடந்ததை எல்லாருக்கும் சொல்லு" என்று எழுப்பி நிறுத்துவது, எவ்வளவு அன்போடு செய்தாலும், கொடுமை.

முதல் படி: பலகையில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் "எல்லோரும் ஒப்புக்கொள்வது" என்று எழுதி இவற்றை வரிசையாகப் போடுங்கள். கச்சத்தீவின் பரப்பு சுமார் 285 ஏக்கர். நிலையான குடியிருப்பு இல்லை. அங்கே அந்தோணியார் கோயில் இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு இரு கரைத் தமிழரும் போகிறார்கள். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு தீவை இலங்கைப் பக்கம் வைத்தது. இந்திய மீனவர்களும் பக்தர்களும் பயண ஆவணம் இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று அதே ஒப்பந்தம் சொன்னது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 மார்ச்சில் பரிமாறிய கடிதங்களில் வந்தது. ஒப்பந்தத்தை எதிர்த்து 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனார். 2017இல் இலங்கை தன் கடலில் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது.

வலப்பக்கம் "கருத்து வேறுபடுவது" என்று எழுதுங்கள். 1974இல் மத்தியில் காங்கிரஸ் ஆட்சி, மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி. யார் எதிர்த்தார், யார் பேசாமல் இருந்தார், நாடாளுமன்றத்தைக் கேட்டிருக்க வேண்டுமா, தீவு திரும்பி வந்தால் கைதுகள் நிற்குமா என்பவை எல்லாம் இந்தப் பத்திக்குத்தான் போக வேண்டும். ஒரு செய்தி எந்தப் பத்தியில் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். இந்த வேலையே பாதிப் பாடம்.

இரண்டாம் படி: குலுக்கல். சீட்டுகளில் இப்படி எழுதுங்கள்: விசைப்படகு உரிமையாளர், அந்தப் படகில் கூலிக்குப் போகிறவர், வத்தையிலும் வல்லத்திலும் தொழில் செய்யும் நாட்டுப்படகு மீனவர், யாழ்ப்பாணத்து மீனவர், மீன் விற்கும் பெண், சிறைப்பட்டவரின் மனைவி. குழுக்குழுவாகச் சீட்டு எடுத்து, அவரவர் இடத்திலிருந்து கவலையைச் சொல்ல வேண்டும். சீட்டு கட்டாயம் குலுக்கலில்தான் வர வேண்டும். அப்போதுதான் எந்தப் பிள்ளையும் தன் வீட்டுக்கு வக்கீலாக நிற்க வேண்டிய நிலை வராது. போட் வைத்திருப்பவரின் மகன் யாழ்ப்பாணத்து மீனவராகப் பேசும்போது, போரில் எல்லாம் இழந்து மறுபடி வலை வாங்கிய ஒரு தமிழனின் வலையை இழுவைமடி அறுத்துப் போனால் எப்படி இருக்கும் என்று முதல் தடவையாக யோசிப்பான். நாட்டுப்படகுக்காரரின் மகள் விசைப்படகுக் கூலியாகப் பேசும்போது, கடலுக்குப் போகாத நாளில் அந்த வீட்டில் சம்பளமே இல்லை என்பது அவளுக்கு உறைக்கும்.

மூன்றாம் படி: பேச்சு. அது எப்படிப் போகலாம் என்பதற்கு ஒரு கற்பனை உரையாடல்:

மாணவன்: "டீச்சர், தீவை வாங்கிட்டா எல்லாப் பிரச்சினையும் முடிஞ்சிரும்."

ஆசிரியை: "எதை வச்சுச் சொல்றே, தம்பி?"

மாணவன்: "எங்க மாமா சொன்னாரு. முன்னாடியெல்லாம் அங்கதான் வலை காயப்போடுவாய்ங்களாம்."

ஆசிரியை: "மாமா பழகின கடலைப் பத்திச் சொல்றாரு. அதை எழுதி வச்சுக்குவோம். இப்பப் பலகையைப் பாருங்க. மீன்பிடிக்கக் கூடாதுங்கிறது எதுல வருது? 1974லயா, 1976லயா?"

மாணவி: "எழுபத்தாறுல, டீச்சர்."

ஆசிரியை: "அப்ப தீவு மட்டும் வந்தா மீன்பிடி எல்லையும் மாறுமா? உடனே பதில் வேண்டாம். என்ன தகவல் கிடைச்சா இதுக்குப் பதில் சொல்லலாம்னு எழுதுங்க."

இன்னொரு மாணவன்: "இந்தப் போட்காரய்ங்கனாலதான் டீச்சர் எல்லாமே."

ஆசிரியை: "போட்காரங்கன்னு மொத்தமாச் சொன்னா இங்க உட்கார்ந்திருக்கிறவங்க வீடும் அதுல வருதுப்பா. ஆளைப் பத்தி வேண்டாம், மடியைப் பத்திச் சொல்லு. இழுவைமடி கடலுக்கு அடியில என்ன பண்ணுது?"

மாணவன்: "தரையோட அள்ளிருது டீச்சர். குஞ்சு, பாசி எல்லாம் போயிருது."

ஆசிரியை: "இது பேசக்கூடிய விஷயம். சரி, அந்த மடியை விட்டுட்டு ஆழ்கடலுக்குப் போங்கன்னு சொன்னா, புதுப் படகுக்குக் காசு எங்கிருந்து வரும்? அந்தக் குழு சொல்லட்டும்."

இந்த ஆசிரியை மாமாவைப் பொய்யராக்கவில்லை. அனுபவத்தையும் ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குற்றச்சாட்டை ஆளிலிருந்து செயலுக்குத் திருப்பினார். எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கொடுத்தார். தம் கருத்தை எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் பேச்சு அவர் கையைவிட்டுப் போகவில்லை.

நான்காம் படி: எழுத்து. கடைசியில் "யார் யார் எந்தப் பக்கம், கை தூக்குங்க" என்று கேட்காதீர்கள். அதுவரை யோசித்த பிள்ளைகள் உடனே கூட்டம் சேர்ந்துவிடுவார்கள். மாறாக மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: முன்பு நினைத்தது, இன்று தெரிந்தது, இன்னும் தெரிய வேண்டியது. மதிப்பெண் போடுவதாக இருந்தால் மூன்றாவது வரிக்குப் போடுங்கள்.

மாதிரி வகுப்பு இரண்டு: ஒரே பெயரில் ஆறு பேர்

தேர்தல் நடைமுறையைக் கற்பிக்க ராமநாதபுரம் தொகுதியே நல்ல பாடம். 2024 மக்களவைத் தேர்தலில் இங்கே ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கிவிட்டதால் விசைப்படகுகள் கரையில் நின்றன. முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அவரோடு அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு ஐந்து பேரும் களத்தில் இருந்தார்கள். தி.மு.க. கூட்டணியில் ஏணிச் சின்னத்தில் நின்ற இந்திய யூனியன் முஸ்லிம் லீக் வேட்பாளர் நவாஸ்கனி ஒரு லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பலாப்பழம் இரண்டாம் இடம் பிடித்தது.

பயிற்சி: ஒரு தாளில் ஒரே பெயரை ஆறு தடவை எழுதி, எதிரே வேறு வேறு பொருட்களின் படம் வரைந்து கொடுங்கள். உண்மைக் கட்சிச் சின்னங்களைப் போடாதீர்கள். மிதிவண்டிப் பூட்டு, தேங்காய்த் துருவி என்று எதையாவது வரையுங்கள். பிறகு கேளுங்கள்: படிக்கத் தெரியாத பாட்டி எப்படிக் கண்டுபிடிப்பார்? பார்வை மங்கியவர்? சின்னம் எதற்காக வந்தது? வேட்பாளரின் புகைப்படத்தை இயந்திரத்தின் வாக்குச்சீட்டில் போடும் முறையைத் தேர்தல் ஆணையம் 2015இல் ஏன் கொண்டுவந்தது? விடைகள் தாமாக வரும்.

உடனே ஒருவன் எழுந்து, "இன்ன கட்சிதான் சார் அந்த அஞ்சு பேரையும் நிறுத்துச்சு" என்பான். அங்கேயும் அதே கேள்வி: எதை வைத்துச் சொல்கிறாய்? கையில் ஆதாரம் இல்லாமல் ஒருவர் மீது குற்றம் சொல்லக் கூடாது என்ற பழக்கம் அந்த இடத்தில்தான் பதியும். "ஒரே பெயரில் யாரும் நிற்கக் கூடாது என்று சட்டம் போடலாமா?" என்று கேள்வியைத் திருப்பி விடுங்கள். அந்தப் பெயர் வைத்தவருக்குத் தேர்தலில் நிற்கும் உரிமை இல்லையா என்ற மறுபக்கத்தையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

வாக்காளர் பட்டியலை வைத்துப் பயிற்சி செய்யும் பள்ளிகள் ஒன்றை மறக்கக் கூடாது. மண்டபத்திலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து பிள்ளைகள் நம் பள்ளிகளுக்கு வருகிறார்கள். குடியுரிமை இல்லாத அந்தப் பெற்றோருக்கு இங்கே ஓட்டு இல்லை. "அம்மா அப்பாவோட வாக்காளர் அட்டையைப் பார்த்து எண்ணை எழுதிட்டு வாங்க" என்று பொத்தாம்பொதுவாக வீட்டுப்பாடம் கொடுத்தால், அந்தப் பிள்ளை மறுநாள் வெறும் நோட்டோடு வந்து நிற்கும். மாதிரி அட்டை ஒன்றைப் பலகையில் வரைந்து எல்லோரையும் அதைப் பார்த்தே எழுதச் சொல்லிவிடுங்கள். யாருக்கு ஓட்டுரிமை, யாருக்கு இல்லை, ஏன் என்பதைப் பாடமாக நடத்தலாம். யாரையும் சுட்டிக் காட்டாமல்.

செப்டம்பர், அக்டோபர்

இம்மாவட்டத்தில் மிகுந்த கவனம் வேண்டிய மாதங்கள் இவை. 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில், சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் அந்த ஆண்டில் சாதிக் கலவரத்தால் பற்றியெரிந்தது. 2011இல் அதே செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபர் 30இல் பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை நடக்கிறது. இரு நாட்களுக்கும் முன்னும் பின்னும் ஊரில் கொடி, ஃபிளெக்ஸ், ஊர்வலம், தடையுத்தரவு எல்லாம் இருக்கும். பிள்ளைகளின் கையில் சாதியைக் காட்டும் கலர்க் கயிறு ஏறும்.

அந்த வாரங்களில் சாதி குறித்து விவாதம் வைக்காதீர்கள். ஜூன், ஜூலையிலேயே ஆறாம் வகுப்பின் பன்முகத்தன்மைப் பாடத்தையும் சமத்துவப் பாடத்தையும் ஆழமாக நடத்திவிடுங்கள். வகுப்பு ஒப்பந்தம் ஒன்றை அப்போதே பிள்ளைகளைக்கொண்டு எழுதி ஒட்டுங்கள்: சாதி கேட்க மாட்டோம், சாதிப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிட மாட்டோம். செப்டம்பரில் அது கைகொடுக்கும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன் படிப்பவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர்க் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளங்களைத் தடை செய்வது, மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் செய்வது ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். உட்காரும் இடம் என்பது ராமேஸ்வரத்தில் அன்று எவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததோ, இன்றும் அப்படித்தான்.

வகுப்பில் ஒருவன் சாதிப் பெயரை வசவாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? பேச்சை அந்த நொடியே நிறுத்துங்கள். "இந்த வகுப்புல இந்த வார்த்தை கிடையாது" என்று ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். யாரைச் சொன்னான் என்று கேட்டு அந்தப் பிள்ளையை எல்லோர் பார்வைக்கும் நிறுத்தாதீர்கள். பாடத்தைத் தொடருங்கள். இடைவேளையில் முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பாருங்கள், பிறகு சொன்னவனை. சொன்னவனிடமும் கேளுங்கள்: "இதை எங்க கேட்டே?" பெரும்பாலும் அவன் சொந்தச் சரக்காக இருக்காது. தலைமையாசிரியரிடம் அன்றே தெரிவியுங்கள். பிள்ளைக்கு மிரட்டல், அடி என்று ஏதாவது தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் பயன்படுத்தத் தயங்காதீர்கள். இந்த எண்கள் வகுப்புச் சுவரில் எப்போதும் இருக்கட்டும்.

எந்தச் சமூகப் பிரச்சினையானாலும் ஒரு பிள்ளையை அதன் கூட்டத்தின் பிரதிநிதியாக்காதீர்கள். "பாய் வீட்டுப் பிள்ளை, நீ சொல்லு", "உங்க ஊர்க்காரங்க ஏன் இப்படி?" என்ற கேள்விகள் பேச்சுவாக்கில் வந்துவிடும். கேட்டவருக்கு அது மறந்துவிடும், பிள்ளைக்கு மறக்காது.

செல்போனில் வந்தது

தேர்தல் காலத்தில் பிள்ளைகள் கொண்டுவரும் சங்கதிகளில் பெரும்பகுதி வாட்ஸ்அப் வீடியோ. அதைப் பறித்து வைத்தால் ஒரு நாள் அடங்கும். நான்கு கேள்விகளைப் பழக்கினால் பல வருடம் பயன்படும்: இதை முதலில் வெளியிட்டது யார்? எந்த ஊர், எந்தத் தேதி என்று இருக்கிறதா? வேறு இரண்டு செய்தித்தாளில் வந்ததா? இதைப் பார்த்ததும் எனக்கு யார் மீது கோபம் வருகிறது, அந்தக் கோபத்தால் யாருக்கு லாபம்? மீனவர் கைது, படகு மோதல் போன்ற செய்திகளில் பழைய படம் புதிதுபோலச் சுற்றுவது வழக்கம். தேதியைத் தேடச் சொல்வதே போதுமான பாடம்.

பெற்றோர் வந்து கேட்டால்

"ஸ்கூல்ல என்ன அரசியல் பேசுறீங்களாம்?" என்று ஒருவர் வாசலில் வந்து நிற்கலாம். அதற்கான தயாரிப்பு முன்பே நடந்திருக்க வேண்டும். பாடக்குறிப்பில் தலைப்பு, பாடநூல் அலகு, கேட்கப்போகும் கேள்விகள் மூன்றையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். பெற்றோரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பலகையில் எழுதிய இரண்டு பத்திகளையும் பிள்ளை எழுதிய மூன்று வரியையும் காட்டுங்கள். "உங்க பிள்ளை என்ன கருத்து வச்சுக்கணும்னு நான் சொல்லலைங்க. எதை வச்சுச் சொல்றேன்னு தெரிஞ்சு பேசட்டும்னுதான் பார்க்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலானோர் சமாதானம் ஆவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஆண்டுத் தொடக்கத்தில் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

தொடங்கும் முன் சரிபார்க்க

1. இது தகவல் கேள்வியா, கருத்துக் கேள்வியா, மதிப்புக் கேள்வியா?
2. ஆண்டும் பெயரும் சரிபார்த்தாயிற்றா?
3. இந்தத் தலைப்பு எந்தப் பிள்ளையின் வீட்டைத் தொடும்? அவரிடம் முந்தைய நாளே பேசியாயிற்றா?
4. என் கருத்துக்கு எதிரான கருத்தை, அதை நம்புகிறவரே ஒப்புக்கொள்ளும்படி என்னால் எடுத்துச் சொல்ல முடியுமா?
5. வாயே திறக்காத பிள்ளைக்கு எழுதியாவது சொல்ல வழி வைத்திருக்கிறேனா?
6. பாடக்குறிப்பு எழுதியாயிற்றா, தலைமையாசிரியருக்குத் தெரியுமா?

நான்காவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அன்றைக்குப் பாடத்தை ஒத்திவையுங்கள். எதிர்த்தரப்பை நாமே புரிந்துகொள்ளாமல் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளச் சொல்ல முடியாது.

இன்று பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அடுத்தடுத்து வரும் தேர்தல்களில் வாக்காளர்கள். அந்த அறைக்கே வந்து, அதே தடுப்புக்குப் பின்னால் தனியாக நிற்பார்கள். அப்போது அருகில் ஆசிரியர் இருக்க மாட்டார், அப்பா இருக்க மாட்டார், தெருவும் இருக்காது. தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆசிரியர்களே. இந்த வாரமே ஒரு பீரியட் ஒதுக்குங்கள். பலகையில் இரண்டு பத்தி போடுங்கள், "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.